தேர்ச் சக்கரத்தின் அருகே ஒரு நண்டு

நற்றிணையின் 11ஆம் பாடல் உலோச்சனாருடையது. தலைவன் வரக் காணோமே என்று தலைவி தளர்ந்திருக்கிறாள். தோழி அவளைத் தேற்றுகிறாள். கானலில் நிலவு விரிந்துவிட்டது, அவன் வந்துவிடுவான், அவனது தேர்ப்பாகன் மணலில் ஓடும் நண்டுகள் சக்கரத்தில் அகப்படாதவாறு பார்த்துப் பார்த்துக் குதிரைகளைச் செலுத்தி வருவான் என்பது பாட்டின் சாரம்.

சில நண்பர்கள் கூடி நெய்தல் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் இப்பாடல் நீண்ட விவாதத்திற்கு உள்ளாயிற்று. காதலியைக் காண விரைகிறவனின் தேர் நண்டுக்காகத் தயங்குமா, இது தோழி கட்டிய சமாதானமல்லவா என்று ஒருவர் கேட்டார். கடற்கரை ஊரில் பிறந்த இன்னொரு நண்பர் வேறொன்றைச் சொன்னார். நிலவொளியில் கரை நண்டு மணலின் நிறத்திலேயே இருக்கும், அசைந்தால்தான் தெரியும், ஓடத் தொடங்கிய மறுகணம் வளைக்குள் போயிருக்கும். அதைக் கண்டு ஒதுங்கி ஓட்டுவதற்குக் கருணை மட்டும் போதாது, பழகிய கண் வேண்டும். அந்தப் பாகனுக்கு நண்டைத் தெரிந்திருந்தது என்றார் அவர்.

அன்று முதல் எங்களை விடாத கேள்வி இதுதான். நமக்கு நண்டைத் தெரியுமா?

தமிழ் இலக்கியத்தில் கடல் இல்லாமல் போனதில்லை. ஐந்து திணைகளில் ஒன்று கடலுக்கானது. கொற்கையின் முத்து சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. நவீன இலக்கியத்திலும் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' எனக் கரையோர வாழ்வை உள்ளிருந்து எழுதிய ஆக்கங்கள் நமக்கு வாய்த்திருக்கின்றன. ஆயினும் வாசகர்களாகிய நம்மிடம் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. கடலை நாம் மனநிலையாக வாசிக்கிறோம். அது இரங்கலின் பின்னணி; முடிவின்மையின் படிமம். முத்து நமக்குப் பல்லுக்கு உவமை, சங்கு கழுத்துக்கு உவமை, பவளம் இதழுக்கு உவமை. முத்து ஒரு சிப்பியின் உடலுக்குள் விளைந்தது என்பதும், சங்கு ஒரு நத்தையின் வீடு என்பதும், பவளம் கூட்டமாய் வாழும் உயிர்களின் எலும்பு என்பதும் தகவலாக நமக்குத் தெரிந்தவை, அனுபவமாகத் தெரிந்தவையல்ல. உவமைக்கு வந்தவுடன் உயிர் போய்விடுகிறது.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முதுகெலும்பற்றவை. கடலில் பஞ்சும் பவளமும், சொறியும் கணவாயும், சிப்பியும் சங்கும், நண்டும் இறாலும், நட்சத்திர மீனும் கடல்முள்ளியும், அட்டையும் புழுவும் இந்தப் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. நம் பேச்சு வழக்கிலோ 'முதுகெலும்பில்லாதவன்' என்பது வசை. ஆமைக்காகவும் திமிங்கலத்துக்காகவும் உருகுகிற மனம் அட்டைக்காக உருகுவதில்லை. அதற்கு நாம் பார்த்துக் கலங்கக்கூடிய முகம் கிடையாது. முகமற்றவற்றின் பொருட்டு எழுதுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுவாகப் பேசிக்கொண்டு போகாமல் ஓரிடத்தில் நிற்கலாம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில், கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றியிருக்கும் கடற்பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் மன்னார் வளைகுடா முழுமையும் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 'கிடந்தன' என்று இறந்த காலத்தில் எழுதியது பிழையன்று. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. 

பல பத்தாண்டுகளாக அத்தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினோம். பவளப்பாறை அலையின் வேகத்தைத் தடுக்கும் அணை. அணையை எடுத்தால் மணல்தீவு எத்தனை நாள் தாங்கும்? தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1986இல் ஏறத்தாழ 16 ஹெக்டேராக இருந்து 2014 வாக்கில் 2 ஹெக்டேராகக் குறுகியது. 2015க்குப் பின் அதன் கடல்முகத்தில் செயற்கைப் பாறைகளை இறக்கி, அவற்றின்மேல் பவள உயிர்களை ஒட்டி வளர்த்து, எஞ்சியதைக் காக்கும் முயற்சி நடந்தது. நெற்பயிர் பிடுங்கி நடுவதுபோல் பவளத்தைத் துண்டு துண்டாக நடுகிறார்கள். அது வளரும் வேகமோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்.

2001இல் பவளமும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, தீவுகளும் பாறைகளும் தங்களைக் காத்தன என்ற எண்ணம் அக்கரை மக்களிடம் வலுப்பெற்றது. இலங்கை அந்தப் பகுதியை மறைத்து நின்றதும் அதற்கு ஒரு காரணம். எப்படியாயினும் 2005இல் பவளம் வெட்டுவது நின்றது. சட்டமும் அச்சமும் அனுபவமும் சேர்ந்தபோதுதான் அது நின்றது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஏட்டிலிருக்கும் சட்டம் தனியாக எதையும் காப்பதில்லை.

ஆனால் வெட்டுக்கத்தி ஓய்ந்த இடத்துக்கு வெப்பம் வந்து சேர்ந்தது. பவள உயிரின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியை உணவாக்கித் தம் வீட்டுக்காரருக்கும் கொடுக்கின்றன, நிறத்தையும் தருகின்றன. நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி உயர்ந்து சில வாரம் நீடித்தால் இந்தக் குடித்தனம் முறிகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுத்து நிற்கிறது. வெப்பம் தணிந்தால் மீளலாம். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998இலும் 2010இலும் 2016இலும் பெரும் வெளுப்புகள் நிகழ்ந்தன. 2024இல் மீண்டும் வெளுத்தது. ஒரு வெளுப்புக்கும் மறு வெளுப்புக்கும் இடையில் மீண்டெழும் அவகாசம் குறைந்துகொண்டே வருகிறது.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தன? ஆய்வாளர்கள் நீரில் இறங்கி எண்ணியதால் தெரிந்தன. இக்கடலைப் பற்றிய ஆய்வு மரபு நாம் நினைப்பதைவிடப் பழையது. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளித்தல், சங்குக்குளித்தல், கடலுயிர்கள் குறித்து 1890இல் குறிப்புகள் வெளியிட்டார். மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதன் உயிரியலையும் சடங்கிலும் வணிகத்திலும் அதற்கிருந்த இடத்தையும் ஒருசேர ஆராய்ந்த நூல் அது. 1927இல் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய தொகுதியைச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. பின்னர் கோபிநாத பிள்ளை பவள இனங்களை வகைப்படுத்தினார். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமியும் உடன் பணியாற்றியோரும் 1973இல் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். அதே நிலையத்தில் டி. பி. ஜேம்ஸ் 1988இல் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கினார். அந்த இனத்தில் உலகிலேயே அதுதான் முதல்முறை.

இதில் எத்தனை நம் மொழிக்கு வந்திருக்கிறது? தர்ஸ்டனையும் ஹார்னெலையும் தமிழில் வாசிக்க விரும்புகிறவன் எங்கே போவது? தூத்துக்குடியில் விளைந்த முத்தைப் பற்றி, தூத்துக்குடியில் பிறந்த பிள்ளை ஆங்கில ஆய்விதழில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய முரண் ஒன்றுண்டு. அந்த ஆய்வுகளின் அடித்தளமாயிருந்தது குளியாட்களின் அறிவு. கடலடிப் பாறைத் திட்டுகளை அவர்கள் 'பார்' என்றழைத்தனர். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தொலையிரம் பார் ஆய்வுக் கட்டுரைகளில் அப்படியே ரோமன் எழுத்தில் ஏறி நிற்கிறது. வெள்ளை அட்டை, ராஜ அட்டை, குச்சி அட்டை என்று அட்டைகளையும், ஐவிரல் சங்கு என்று ஒரு சங்கையும் பிரித்தறிந்து பெயரிட்டது மீனவத் தமிழ். அவர்களிடமிருந்து அறிவியலுக்குப் போன பெயர்கள் நம் அகராதிகளுக்கும் பாடநூல்களுக்கும் திரும்பவில்லை.

ஆகவே ஆய்வு என்பதை ஆய்வகத்துக்குரியதாக மட்டும் கருத நாங்கள் மறுக்கிறோம். பெயர் சேகரிப்பதும் ஆய்வுதான். வறீதையா கான்ஸ்தந்தின் நெய்தல் நிலத்தின் வாழ்வையும் அறிவையும் தொடர்ந்து எழுதி வருகிறார். தியடோர் பாஸ்கரன் காட்டுயிர் பற்றித் தமிழில் எழுதுவதற்கான சொற்களைப் பல ஆண்டுகளாகத் தேடித் தந்திருக்கிறார். இந்த வழியில் இலக்கிய வாசகர் செய்யக்கூடிய வேலை ஏராளம். சொல்லில் ஆர்வமுள்ளவர்கள்தானே நாம்? ஒரு கடற்கரை ஊரின் சிப்பிப் பெயர்களை, அந்த ஊர் மூதாட்டி சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதி வைப்பதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை.

இனி, அனைவரும் தலையாட்டும் பேச்சிலிருந்து சற்றுக் கடினமான இடத்துக்கு வருவோம்.

கடல் அட்டை கடலடியின் மண்புழு. மணலை விழுங்கி, அதிலுள்ள கரிமப் பொருளைச் செரித்து, மணலைத் தூய்மையாக வெளியே தள்ளுவதே அதன் வாழ்க்கை. உழவனுக்கு மண்புழு எதுவோ கடற்புல் வெளிக்கு அட்டை அது. நம்மவர் அதை உண்பதில்லை. குடல் நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்து, தோல் தேய்த்து, உலர்த்தி, சீனாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் அனுப்புவதற்காகவே பிடித்தார்கள். 1982இல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யத் தடை வந்தது. 2001இல் அட்டை இனங்கள் அனைத்தும் காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. ஒரே நாளில் அட்டைக்குப் புலியின் தகுதி கிடைத்தது. அதே நாளில், தலைமுறைகளாக மூச்சடக்கிக் குளித்துவந்த ஒருவன் வேட்டைக் குற்றவாளியானான். 

நீரிணைக்கு அப்பால், இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிக்கலாம், வளர்க்கவும் செய்கிறார்கள். ஒரே கடல், ஒரே உயிர், இரண்டு சட்டம். விளைவு நாளிதழ்களில் இருக்கிறது: இத்தனை கிலோ கடல் அட்டை பறிமுதல், இத்தனை பேர் கைது. பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் படகோட்டிகளும் சுமப்பவர்களும். கொள்முதல் செய்து கடல் தாண்டி விற்றவரின் பெயர் அச்செய்திகளில் அரிதாகவே வருகிறது. கிரேக்க வணிகர் ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் நூல், கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. அன்று குற்றவாளியைக் குளிக்கச் சொன்னார்கள். இன்று குளிப்பவனைக் குற்றவாளி என்கிறோம்.

தடையை எடுத்துவிடலாமா? கூடாது என்பதே எங்கள் தரப்பு. வெள்ளை அட்டை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்திலுள்ள இனமாக வைக்கப்பட்டிருக்கிறது. அட்டை முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுப் பெருகும் உயிர். ஆணும் பெண்ணும் அருகருகே அடர்த்தியாக இருந்தால்தான் கரு கூடும். எண்ணிக்கை ஓரளவுக்குக் கீழே போனால் எஞ்சியவை இருந்தும் இல்லாதவையே. ஆயின் தடையை இப்போதிருப்பதுபோல் வைத்திருப்பதும் நியாயமன்று. 1988இலேயே குஞ்சு பொரிக்கத் தெரிந்துகொண்ட நாடு, அந்த அறிவைக் கொண்டு கடலை மீண்டும் நிரப்பும் வேலையைப் பெரிய அளவில் குளியாட்களிடம் கூலியோடு ஒப்படைத்திருக்கலாம். எந்தப் பாரில் எத்தனை அட்டை இருக்கிறதென்று எண்ணுவதற்கு அவர்களைவிடத் தகுதியானவர் யார்? எண்ணிக்கை மீண்டால், எங்கே, எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்பதை அந்தக் கணக்கு சொல்லட்டும். உயிரைக் காக்கும் சட்டம் அந்த உயிரை அறிந்த மனிதனைக் கடலிலிருந்து விரட்டினால், நாளை சட்டம் மட்டுமே மிஞ்சும். அட்டை எங்கே இருந்தது என்று காட்டக்கூட ஆளிருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அட்டையைக் கையால் பொறுக்கியவன் கைதாகிறான். கடலடியையே வாரிச் செல்லும் இழுவை மடி, ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலம் போக, ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை இழுத்தால் அட்டையும் பஞ்சும் கடல்முள்ளியும் சிப்பியும் கணவாய் முட்டையும் சேர்ந்தே மேலே வருகின்றன. விலைபோகாதவை கழிவென்று கோழித்தீவனத்துக்குப் போகின்றன. விசைப்படகுத் தொழிலாளியும் கடன்பட்டவர்தான் என்பதை நாங்கள் அறிவோம். கேள்வி அவரைப் பற்றியதன்று. எந்த அழிவைக் குற்றமென்றும் எந்த அழிவைத் தொழிலென்றும் அழைக்கிறோம் என்பதைப் பற்றியது.

கல்விக்கு வருவோம். நம் பள்ளிகளில் முதுகெலும்பற்றவை என்பது வரைந்து பாகம் குறிக்கும் பாடம். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் பள்ளியிலும் நட்சத்திர மீன் கரும்பலகையில்தான் இருக்கிறது. சென்னையில் பல்லுயிர் அறக்கட்டளையைச் சேர்ந்த யுவன் ஏவ்ஸ் போன்றோர் பிள்ளைகளைக் கரைக்கே அழைத்துப்போய் நண்டு வளையையும் சிப்பியையும் காட்டுகிறார்கள். ஊரூர் குப்பத்தின் மீனவர் பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிய தம் அறிவைப் பகிர்ந்துகொள்கிறார். இது சுற்றுலாவன்று, பாடத்திட்டத்தின் மையமாக இருக்க வேண்டியது. 

இராமநாதபுரம் கரையில், விரலில் துணி சுற்றிக்கொண்டு நீரில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015இல் தீவுப் பாதுகாப்புக்கான சீகாலஜி விருதைப் பெற்றார். அத்தகைய ஒருவர் வகுப்பறைக்கு வந்து ஒரு மணி நேரம் பேச நம் கல்விமுறையில் ஏன் இடமில்லை?

இலக்கியக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். 1940இல் நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், தம் நண்பரும் கடலுயிரியலாளருமான எட் ரிக்கெட்ஸுடன் ஒரு மத்தி மீன்படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு கலிபோர்னியா வளைகுடாவுக்குப் போனார். ஆறு வாரம் ஓதத்துக்கு ஓதம் கரையிறங்கி, முதுகெலும்பற்ற உயிர்களைச் சேகரித்தார்கள். 1941இல் இருவர் பெயரிலும் வந்த நூலில் பயணக் குறிப்பும் உயிரினப் பட்டியலும் சேர்ந்தே இருந்தன. 'மௌன வசந்தம்' எழுதிய ரேச்சல் கார்சனை நாம் அறிவோம். அவர் முதலில் கடலைப் பற்றி எழுதியவர். 1955இல் வெளிவந்த அவரது நூல் முழுக்கக் கரையோரச் சிற்றுயிர்களைப் பற்றியது. நம் மொழியில் ஒரு கதையாசிரியர் ஓர் உயிரியலாளருடன் படகேறிப் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை போய்வந்து எழுதிய நூல் ஏன் இல்லை என்ற ஏக்கம் எங்களுக்கு உண்டு.

சங்கின் பிறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ச் சங்கு மணலில் நட்டுவைக்கும் முட்டைக்கூடு, ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் முறுக்கிக்கொண்டிருக்கும். அடுக்கடுக்கான அறைகள் கொண்டது. பெரும்பாலான கடல் நத்தைகளின் குஞ்சுகளைப்போல் நீரில் மிதந்து அலையாமல், இதன் குஞ்சு தன் சின்னஞ்சிறு சங்கைச் சுமந்துகொண்டே வெளிவரும். பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராத உயிர் என்பதால் ஓரிடத்தில் அற்றுப்போனால் அங்கே மீண்டும் குடியேறுவது கடினம். திருமணத்திலும் மரணத்திலும் ஊதுகிற ஒரு பொருளைப் பற்றிய இச்செய்தி எந்தக் கவிதைக்கும் குறைந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை.

மூன்றாவதாகத் தூய்மைப்பணி. செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் கடற்கரைத் தூய்மை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய வழக்கம் இது. அப்படியொரு காலையில் எங்களில் சிலர் கலந்துகொண்டோம். கையுறை கொடுத்தார்கள், சட்டை கொடுத்தார்கள், பதாகை பிடித்துப் படமெடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் கரை பளிச்சென்று ஆயிற்று. நெகிழியோடு சேர்த்து, அலை ஒதுக்கிய பாசியையும் சிப்பி ஓடுகளையும் காய்ந்த கடற்பஞ்சையும் எல்லோரும் மூட்டை கட்டினோம். யாரும் தடுக்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. மறுவாரம் அதே இடத்துக்குப் போனபோது பாதி மூட்டைகள் அங்கேயே கிடந்தன. நாய் கிழித்து, மழை கரைத்து, பொறுக்கியது கடலுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

அலை ஒதுக்கும் பாசிக்கோடு குப்பையன்று. நண்டுக்கும் மணற்பூச்சிக்கும் கரைப்பறவைக்கும் அதுதான் பந்தி. சென்னை மெரினாவில் மணலைச் சலிக்கும் இயந்திரங்கள் ஓடுகின்றன. நடப்பவர் கண்ணுக்கு அந்த மணல் அழகாக இருக்கும். நண்டுக்கு அது இடிக்கப்பட்ட தெரு. யாருக்காகத் தூய்மை என்று கேட்காமல் செய்யும் தூய்மை, சக்கரத்தை இன்னொரு முறை உருட்டுவதுதான்.

அதற்காகத் தொண்டர்களை இகழ்வது எங்கள் எண்ணமன்று. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியாலும் கையாலும் அள்ளியவர்கள் மாணவர்களும் மீனவர்களும் பணியாளர்களும்தான். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது ஏறத்தாழ 1,680 டன் நெகிழிக் குறுமணிகள் கடலில் கலந்தன. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபின் அதே வகைக் குறுமணிகள் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தன. பருப்பளவே உள்ள அவற்றை மணலிலிருந்து பிரிக்கச் சல்லடையும் பொறுமையும்தான் கருவிகள். அக்கரைகளில் குனிந்து சலித்த ஒவ்வொருவருக்கும் நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அந்தக் குனிவு, கப்பல்காரரும் உற்பத்தியாளரும் நிமிர்ந்து நடப்பதற்கான வசதியாகிவிடக் கூடாது.

தூய்மைப்பணி அறிவோடு இணைந்தால் அது வேறொன்றாகும். பொறுக்கியதை எண்ணுங்கள், வகை பிரித்து எழுதுங்கள், எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். ஒரே கரையை மாதந்தோறும் எண்ணினால் ஓராண்டில் அது சான்றாகும். சான்றோடு ஊராட்சியிடமும் துறைமுகத்திடமும் கேள்வி கேட்கலாம். பாறையில் சிக்கிய அறுந்த வலையை எடுப்பதைப் பழகிய குளியாட்களிடம் விடுங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள். ஆர்வத்தில் இழுத்தால் வலையோடு பவளமும் முறியும். பாசியையும் ஓட்டையும் இருந்த இடத்தில் விடுங்கள்.

நாங்கள் சொல்வது இவ்வளவே. ஆய்வு தமிழுக்கு வரட்டும். மீனவரின் பெயர்கள் ஆய்வுக்குள் மரியாதையோடு போகட்டும். பாடம் கரைக்கு வரட்டும். கரையின் மனிதர் ஆசிரியராகட்டும். தூய்மைப்பணி ஒருநாள் விழாவிலிருந்து கணக்கெடுப்பாக மாறட்டும். இவற்றால் கடல் சூடாவது நின்றுவிடாது, இழுவை மடி ஓய்ந்துவிடாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆயின் தனக்குப் பெயர் தெரியாத ஒன்றுக்காக எந்தச் சமூகமும் சண்டையிட்டதில்லை. பவளம் வெட்டுவது நின்றது, பவளம் என்ன செய்கிறது என்பதைக் கரையோர மக்கள் உணர்ந்தபோதுதான்.

எங்கள் குழு நெய்தல் பாடல்களின் வாசிப்பை இனிக் கரையிலேயே வைத்துக்கொள்வதென்று தீர்மானித்திருக்கிறது. முதல் கூட்டத்திற்கு நிலவுள்ள ஓர் இரவைத் தேர்ந்தெடுத்தோம். புத்தகத்தை விரிக்குமுன் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். முதலில் எதுவும் தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்து, மணலே நகர்வதுபோல் ஒன்று ஓடியது, பிறகு இன்னொன்று. அன்றிரவு திரும்பும்போது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.